பரண் மேல் ஒரு மாணவி

முதலில் மன்னிப்பு. இந்த வாரம் என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. அச்சுக் கோக்கிற தம்பி பொறுமைசாலி, திருத்திப் போடுகிறார். அதனால்தான் வாராவாரம் நீங்கள் என்னைப் படிக்க முடிகிறது. இன்றைக்கு அவருக்குக் கூடுதல் வேலை. சந்தோஷம்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் என் மனைவி வசந்தா பொம்மசந்திராவில் கம்பெனி வேலை முடிந்து வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். முகம் கழுவினாள். துடைத்துக்கொண்டே, "இனிமே எழுதிக்கோங்க" என்றாள்.

எதை? ஒன்றரை வருஷமாக "இதை மட்டும் பேப்பர்ல போட்டுடாதீங்க" என்று என் பேனாவைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாளே, அதை!

நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். இது உங்களுக்குத் தெரியும். வசந்தா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இது உங்களுக்குத் தெரியாது. மோட்டார் செய்கிற கம்பெனியில் லைனில் உட்கார்ந்து செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அங்கே ஒரு அறிவிப்பு. டிசைன் செக்‌ஷனில் படம் வரைய ஆள் போதவில்லை. லைனில் எஸ்.எஸ்.எல்.சி.யாவது முடித்தவர்கள் பேர் கொடுக்கலாம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வகுப்பு. கடைசியில் ஒரு டெஸ்ட். தேறினால் டிசைன் செக்‌ஷன். தேறாவிட்டால் மறுபடி காயில். இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

"பேர் குடுத்துட்டேன்" என்றாள் வசந்தா.

"கூட யார் யாரு?"

"எல்லாம் டிப்ளமா முடிச்ச பசங்க. என்னை ஆன்ட்டின்னு கூப்புடறாங்க. கூப்புட்டா இன்னா, தேஞ்சா பூடுவேன்?"

முதல் பாடமே ஐசோமெட்ரிக் ஸ்கெட்ச். பெயரைக் கேட்டு நான் மிரண்டேன். விஷயம் இவ்வளவுதான். ஒரு பொருளை அதன் மூலைக்கு நேராக நின்று, கொஞ்சம் மேலேயிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி வரைய வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம், மூன்றும் ஒரே படத்தில். ஸ்கேல் வைக்கக் கூடாது. வெறும் கை, பென்சில்.

இவ்வளவுதானா என்கிறீர்களா? வரைந்து பாருங்கள்!

வசந்தாவுக்கு முன்பக்கம் அச்சு மாதிரி வரும். அதற்குப் பிறகுதான் வம்பு. பக்கவாட்டு, இடிந்து சாய்ந்த சுவர் மாதிரி படுத்துக்கொள்ளும். வகுப்பெடுக்கிற சார் நேற்று மீசை முளைத்த பையன். "மேடம், நீங்க மூலைய பாக்கவே மாட்டேன்றீங்களே!" என்று நொந்துகொண்டாராம்.

எப்படிப் பார்ப்பாள்? எங்கள் ஸ்ரீராம்புரம் வீடு ஒரே அறை. பீரோ சுவரோரம். டிரங்குப் பெட்டி சுவரோரம். ஸ்டவ் மேடை, டிவி ஸ்டாண்டு, எல்லாம் சுவரோரம். நடுவில் மனுஷர்கள் நடக்க வேண்டாமா? அவள் வாழ்க்கையில் எல்லாப் பொருளும் முன்பக்கத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த வழியில் உதவினேன். பேக்கரியிலிருந்து ஒரு முழு ரொட்டி கொண்டுவந்து, படி மாதிரி வெட்டி மணை மேல் வைத்தேன். அவள் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் மூலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. டீயில் தொட்டுத் தின்றோம்.

டெஸ்ட் திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு. டிரங்குப் பெட்டியை நடு அறைக்கு இழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்றால் மூடி மட்டும் தெரிகிறது. பின்னால் போனால் சுவர் முதுகில் இடிக்கிறது. வாசலுக்குப் போனால் எதிர் வீட்டுப் படிக்கட்டு தடுக்கிறது. வசந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். மேலே பார்த்தாள்.

மேலே சிமெண்ட் பரண்.

"இன்னாங்க... அத்தக் காலி பண்ணுங்க."

பித்தளை அண்டா, குடம், மெத்தை, தலையணை, மகள் கல்யாணத்தில் மிச்சமான தாம்பாளங்கள் எல்லாவற்றையும் இறக்கினேன். அறைக்குள் வைக்க இடமேது? சந்தில் வரிசையாக வைத்தேன். ஸ்டூல் மேல் ஏறி, என் தோளில் கால் வைத்து, வசந்தா பரணுக்குப் போய்விட்டாள். தலை கூரையில் முட்டியது. குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பெட்டி மூலைய என்னாண்ட திருப்புங்க... இன்னும் கொஞ்சம்... ஆங்! தெரியுது! மூணு பக்கமும் தெரியுது!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மகள் பிறந்தபோதுகூட.

இப்போது வெளியே இருந்து பாருங்கள். சந்தில் அண்டா குண்டா மெத்தையெல்லாம் கிடக்கிறது. உள்ளே பெண்டாட்டி பரண் மேல். புருஷன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். யார்தான் என்ன நினைப்பார்கள்?

எதிர் வீட்டு ஜெயம்மா எட்டிப் பார்த்தார். "அய்யோ, ஏனாயித்து?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் ஆரம்பித்து, "இன்னாண்ணா பண்ணீங்க அவள?" என்று தமிழில் முடித்தார்.

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குத்தான் நாலு பேர் முன்னால் வாய் வராதே! நான் முழித்தேன். வசந்தாவோ படத்தில் மூழ்கியிருக்கிறாள், காதே கேட்கவில்லை. பேசாத புருஷன், திரும்பிப் பார்க்காத பெண்டாட்டி... ஜெயம்மாவுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அல்சூரில் இருக்கிற வசந்தாவின் அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டார்.

ஏழுமலை மச்சான் கொத்து மேஸ்திரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் பாதிச் சந்து.

"எங்க என் தங்கச்சி? டேய் மாப்ள, இன்னாடா பண்ண அவள?" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்து, மூச்சு வாங்க டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அண்ணா! பெட்டி மேல குந்தாதே!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மச்சான் துள்ளி எழுந்தார். அண்ணாந்து பார்த்தார். "நீ இன்னாடி பண்றே அங்க?"

"படம் போடறேன். நாளைக்கு டெஸ்ட்டு."

வாசலில் யாரோ சிரித்தார்கள். மச்சானுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடித்திருந்தால் பஞ்சாயத்து பண்ணியிருப்பார். இதற்கு என்ன பண்ணுவார்?

"மருமகன் வந்தாச்சு உனக்கு. இந்த வயசுல பரண் ஏறி பென்சில் புடிக்கிறியா? தெருவே சிரிக்குது. எறங்கு கீழ! காயில் சுத்தறது போதும். மாப்ள, சாமானெல்லாம் உள்ள எடுத்து வை."

வசந்தா என்னைப் பார்த்தாள். பென்சில் காதில் இருந்தது. கண் கலங்கியிருந்தது. வெளிச்சம் வேறு குறைந்துகொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் இனி இந்த ஜென்மத்துக்கும் காயில்தான்.

எனக்கு வாய் எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

"அவ எறங்க மாட்டா, மச்சான்" என்றேன். பாதிச் சந்தும் கேட்டது. "பொழுது சாயறதுக்குள்ள அவ கத்துக்கணும். நீங்க நின்னா வெளிச்சம் மறைக்குது. ஒண்ணு நகருங்க... இல்லன்னா பெட்டிய அந்தப் பக்கம் புடிங்க, திருப்பி வைக்கலாம்."

மச்சான் என்னை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். குனிந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

அப்புறம் என்ன... பெட்டியைத் திருப்பினோம். அதன் மேல் மணையை வைத்தோம். ஜெயம்மா தன் வீட்டு மரப் படி ஸ்டூலைத் தூக்கி வந்தார். படம் ஒவ்வொன்றாகக் கீழே வந்தது. மச்சான் ஒன்றை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தப்பும்மா இது. பின்பக்கம் கண்ணுக்குச் சின்னதாதானே தெரியும்? நீ முன்பக்கம் அளவே போட்டிருக்க?"

"கண்ணுக்குத் தெரியறது வேறண்ணா. இதப் பாத்து ஒருத்தன் பெட்டி செய்யணும். சின்னதா போட்டா சின்னதாவே செஞ்சிடுவான். தூரமா இருந்தாலும் அளவு அளவுதான்."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "அது சரி... பிளானு மாதிரின்னு சொல்லு" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "இன்னா வேடிக்க? டெஸ்ட்டுக்குப் படிக்குது இல்ல? போங்க!" என்று கூட்டத்தை விரட்டினார்.

மறுநாள் டெஸ்டில் ஒரு இரும்புத் துண்டு. இரண்டு படி, நடுவில் ஒரு பள்ளம். நெஞ்சு உயர மேஜையில் வைத்திருந்தார்கள். வசந்தா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன மேடம், தூக்கமா?" என்றாராம் அந்த மீசைக்கார சார்.

"இல்ல சார், மேல ஏறிக்கினு இருக்கேன்."

தேறிவிட்டாள். டிசைன் செக்‌ஷன்! ஆனால் பயிற்சிக் காலம் என்று ஒன்று இருந்தது. அது முடிவதற்குள் எழுதக் கூடாது என்று உத்தரவு. "வேல நெலைக்கலன்னா தெரு மறுபடி சிரிக்கும். ஒரு வாட்டி சிரிச்சது போதும்." வெள்ளிக்கிழமை அவளை நிரந்தரம் செய்துவிட்டார்கள். மச்சான் இப்போது அல்சூரில் எந்தக் கட்டடத்தில் சாரம் கட்டினாலும், "என் தங்கச்சி டிசைன் ஆபீஸு" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறாராம்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சாமான்களை மட்டுமா சுவரோரம் தள்ளி வைக்கிறோம்? கூடவே இருக்கிற மனுஷர்களையும்தான். முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இவ்வளவுதான் இவள் என்று நினைத்துவிடுகிறோம். நடு அறைக்கு இழுத்துப் பார்த்தால்தானே மற்ற பக்கமெல்லாம் தெரிகிறது?

நேற்று எங்கள் அறையையே வரைந்து கையில் கொடுத்தாள். பீரோ, ஸ்டவ் மேடை, டிவி ஸ்டாண்டு, கதவு, எல்லாம் அதனதன் மூலையோடு. அசந்துபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "இதுல நான் எங்க?"

"பீரோவுக்குப் பின்னாடி நிக்கறீங்க" என்றாள். "மறைஞ்சிருக்கறத ஐசோமெட்ரிக்ல போடறதில்ல."

ஸ்ரீராம்புரம்,
ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு, 1997