டிசம்பரில் அளவெடுத்த மோதிரம்

வெயிலில் பல ரகம் உண்டு. நான் பிறந்த சாத்தான்குளத்து வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் நிழலில் ஒதுங்கினால் விட்டுவிடும். கொடியில் போட்ட சட்டை மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். வேலைக்குப் போன சென்னையில், குளித்த ஈரத்தைத் துவட்டுவதற்குள் வியர்வை ஆரம்பித்துவிடும். ஆனாலும் சாயங்காலம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் உயிர் வரும். பிறகு பெங்களூருக்கு மாற்றல் கிடைத்தது. என் அறையில் மின்விசிறியே கிடையாது. இனி இந்த ஊரை விட்டு நகர்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் தூத்துக்குடியில், மே மாதத்தில், கல்யாணம் வைத்தார்கள்.

ஏன் மே மாதம் என்று கேட்கக் கூடாது. எங்கள் குடும்பங்களில் பாதிப் பேர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். பெண்ணும் டீச்சர். பெரிய லீவு விட்டால்தான் கல்யாணம். வாத்தியார்களின் வசதிக்காக மாப்பிள்ளைகள் வெந்து போக வேண்டும் என்பது எங்களில் எழுதாத சட்டம். போதாக்குறைக்குக் கம்பளிக் கோட்டு, கழுத்தை இறுக்கும் டை. எழுபதுகளில் அது இல்லாமல் வேதக்கோயிலுக்குள் நுழைகிறவனை யாரும் மாப்பிள்ளை என்றே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

முந்தின நாளே போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கினோம். கொண்டல் காற்று அடங்கிப்போயிருந்தது. கூப்பிடு தூரத்தில் கடல். அங்கிருந்து ஒரு மூச்சுகூட வரவில்லை. தீக்குச்சியை உரசினால் மருந்து வழுக்கிக்கொண்டு போனது. சாடியிலிருந்த உப்பு தண்ணீராய்க் கசிந்தது. பவுடர் போட்டால் கழுத்தில் களியாகத் திரண்டது. நான் மாடிக்குப் போனேன், கிணற்றடிக்குப் போனேன், பனியனை மாற்றினேன், மறுபடி மாடிக்குப் போனேன். அப்பாவின் தங்கையான என் அத்தை ஓலை விசிறியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, என்னத்துக்குக் குட்டி போட்ட பூன மாதிரி அலையுத? ஊரே இங்கன இருக்கத்தான செய்யுது?"

"எப்படித்தான் இருக்காங்களோ!" என்று எரிந்து விழுந்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் வண்டிக்கே டிக்கெட் எடுத்திருந்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மோதிரத்தைப் பற்றி அப்போது யாருக்கும் கவலை இல்லை. நிச்சயம் நடந்தது கிறிஸ்துமஸ் லீவில், மழை விட்டு வாடைக்காற்று சிலுசிலுவென்று அடித்த ஒரு நாளில். பெண்ணின் விரலில் நூலைச் சுற்றி அளவெடுத்தது அத்தைதான். "கொஞ்சம் இறுக்கமாவே இருக்கட்டும், துணி தொவைக்கையில களண்டு போயிரக் கூடாது" என்று சொல்லி நூலை ஒரு இழுப்பு இழுத்தாள். நான் அந்த நூலைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் அங்கே மோதிரம் செய்வித்தேன். டிசம்பர் விரலும் மே மாத விரலும் ஒன்றல்ல என்பது அத்தனை வாத்தியார்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோயிலில் மின்விசிறிகள் மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. முதல் பாட்டு முடிவதற்குள் கரண்டும் போய்விட்டது. கோட்டுக்குள் என் முதுகு நனைந்து, வியர்வை கால் வழியே சப்பாத்துக்குள் இறங்கியது. குருவானவர் ஜெபம் செய்து கொடுத்த மோதிரத்தை அவள் விரலில் போட்டேன். நடுக்கணு வரை போய் நின்றுவிட்டது. அழுத்தினேன். அசையவில்லை. புழுக்கத்தில் அவள் விரல்கள் உப்பியிருந்தன. கொஞ்சம் திருகிப் பார்த்தேன். முகத்தில் போட்டிருந்த வெள்ளை நெட்டுக்குள் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன.

குருவானவர் என் காதருகே குனிந்தார். "விடுங்க தம்பி, பெறகு பாத்துக்கிடலாம்."

மோதிரம் விழாமல் அவள் கையை மடக்கிப் பூச்செண்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வாழ்த்த வந்த அத்தனை பேருக்கும் அந்த மூடிய கையோடுதான் தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் ஆரம்பமானது. சோப்பு, தேங்காயெண்ணெய், பானைத் தண்ணீர். விரல் இன்னும் வீங்கியதே தவிர மோதிரம் கணுவைத் தாண்டவில்லை. அத்தை விசிறியைக் கீழே போட்டாள்.

"நாம வேதக்காரங்க, சகுனமெல்லாம் பாக்கக் கூடாது. ஆனாலும் பாதியில நின்னுட்டே! ஆசாரிட்ட குடுத்து வெட்டிப் பெருசாக்கிருவோம்."

"வெட்ட வேண்டாம் அத்த. ஏறும்போது ஏறட்டும்" என்றாள் அவள். எங்கள் வீட்டாரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. மோதிரத்தைக் கழற்றிச் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டாள். அங்கே அது தொளதொளவென்று ஆடியது. அதனால் எந்நேரமும் கையை மூடியே வைத்திருந்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சகுனத்தில் எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த மூடிய கையைப் பார்க்கும்போதெல்லாம், இவள் மனசும் பாதியில்தான் நிற்கிறதோ என்று பயம் வந்தது. பேசிப் பழகாத பெண். வேலையை விட்டு, பிறந்த தூத்துக்குடியை விட்டு என்னோடு வர அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் வண்டியேறினோம். உப்பளங்கள் கண்ணுக்கு மறையும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான், அங்க போனா குளுகுளுன்னு இருக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். அவள் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். நானோ ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஏறி, குழாயைத் தேடி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வண்டிகள் மாறி, காத்துக்கிடந்து, கடைசியில் ஒரு விடியற்காலையில் ஓசூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நான் ஏங்கிக் கிடந்த காற்று ஜன்னல் வழியாக வந்தது. கண்ணை மூடி அதற்கு முகத்தைக் கொடுத்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் லேசாகத் திரும்பி உட்கார்ந்து, சுண்டுவிரல் மோதிரத்தைக் கழற்றி மோதிர விரலில் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். கணுவில் கொஞ்சம் தயங்கியது. பிறகு சுலபமாக அடிவரைக்கும் இறங்கிவிட்டது.

"ஏறிட்டு!" என்று நான் கத்தியதில் எதிரே தூங்கியவர் விழித்துக்கொண்டார். "பாத்தியா, எல்லாம் இந்தக் காத்துதான்!"

அவள் விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்ன, வலிக்குதா?"

"இல்ல. ஊரு வேர்வை இம்புட்டு சீக்கிரம் வத்திரும்னு நெனைக்கல."

நான் துடைத்துத் துடைத்து உதறியதைத்தான் இவள் இத்தனை தூரமும் கைக்குள் மூடிக் கொண்டுவந்திருக்கிறாள். குளிரில் அவள் தோள் நடுங்கியது. எழுந்து ஜன்னல் கதவை இறக்கிவிட்டேன். பெட்டிக்குள் மெல்லப் புழுக்கம் ஏறியது. என் நெற்றியில் வியர்த்தது. அதைத் துடைக்காமல், எழுந்திருக்காமல், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.