அம்மா போட்ட முடிச்சு

என் மகனைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்திலிருந்து தினமும் நான்கு போட்டோ அனுப்புவார்கள். பதினொரு மணிப் போட்டோ பதினொன்றேகால் வரை வராவிட்டால், ஆபீசிலிருந்து நானே போன் போட்டுவிடுவேன். கடைகண்ணிக்குப் போகும்போது அவன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்து மாட்ட நீலநிறத்தில் ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் அது பாதுகாப்பு. பழைய சேலையைக் கிழித்துச் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

என் அம்மா சேலையைக் கிழித்தவள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு, தம்பிக்கு இரண்டு வயது. அப்பாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட். அம்மாவுக்கு ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் பூப் பிரிக்கும் வேலை. சொந்தபந்தம் எல்லாம் நாகரசம்பட்டிப் பக்கம் இருந்தது. லைன் வீட்டில் பிள்ளையை யாரிடமும் விட முடியாது. அதனால் அம்மா அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவாள். பூப் பிரிக்கும் கொட்டகையில் ஓர் இரும்புத் தூண் இருந்தது. நூல்சேலைத் துண்டின் ஒரு முனை அந்தத் தூணில், மறுமுனை தம்பியின் இடுப்பில். எவ்வளவு நீளம் விடுவது என்று முதல் நாளே நடந்து பார்த்து அளந்திருந்தாள். தண்ணீர்க் குடம் வரைக்கும் அவன் வரலாம். வேன் திரும்பும் இடத்துக்கோ, தரையோடு தரையாக இருந்த உரத்தண்ணீர்த் தொட்டிக்கோ போக முடியாது.

பிப்ரவரி பிறந்துவிட்டால் பண்ணையில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெளிநாட்டில் யாரோ யாரையோ காதலிப்பதற்காக எங்கள் அம்மாக்கள் விடுமுறையில்லாமல் முள் ஒடிப்பார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குத் துணையாக நானும் போயிருந்தேன். பெங்களூரிலிருந்து முதலாளி வீட்டு அம்மா தன் மகளோடு காரில் வந்து இறங்கி, கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். தூணருகே வந்ததும் நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, நாயக் கட்ற மாதிரி பிள்ளையக் கட்டிருக்கே?”

அம்மா சிரித்து மழுப்பினாள். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மட்டும் காது சுட்டது. அந்த அம்மாவின் மகள் என் வயதுதான்; வெள்ளை ஷூ போட்டிருந்தாள்; அவள் என் தம்பியைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. கார் போனதும், அம்மா பூக்கட்டு எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, தம்பியை அவிழ்த்துவிட்டேன். கையைப் பிடித்துக் கொட்டகையின் மறுகோடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே கழித்துப்போட்ட பூக்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. இரண்டு பேரும் இதழ்களைப் பிய்த்து ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொண்டோம். சிவப்பை எல்லாம் தனியாகப் பொறுக்கி மடியில் கட்டிவிட்டு நிமிர்ந்தால் அவனைக் காணோம்.

நான் தேடுவதற்குள் அம்மா வெறும் தூணைப் பார்த்துவிட்டாள். அவள் கத்தியதில் கொட்டகையே எழுந்து ஓடியது. எல்லோரும் ஓடியது தொட்டிக்குத்தான். கலங்கிய பச்சைத் தண்ணீர், அடி தெரியவில்லை. மருந்தடிக்கிற மாமா ஒருவர் சட்டையோடு உள்ளே இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் காலாலேயே துழாவித் துழாவி நடந்தார். அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். சேலைத் துண்டு அவள் கையில் இருந்தது. என்னைக் கண்டதும் அதை நீட்டினாள்.

“நீ அவுத்துவுட்டியா?”

“இல்லம்மா. அதுவே அவுந்துக்கிச்சு.”

அவனைக் கடைசியாக எங்கே பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் அவிழ்த்ததையும் சொல்லியாக வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. இவர்கள் தேடும் இடத்தில் அவன் இல்லை என்று நினைத்தேன். பிறகு, அங்கிருந்து இங்கே வந்திருந்தால் என்று நினைத்தேன். மாமா தொட்டியின் மூலையில் எதையோ மிதித்துவிட்டு நின்றார். குனிந்து எடுத்தார். பழைய சாக்கு. எனக்கு அங்கேயே மூத்திரம் போய்விட்டது.

அரை மணி நேரம் இருக்கும். அடுத்த லோடு ஏற்ற வேன் டிரைவர், பூவைக் குளிரில் வைக்கும் கோல்டு ரூம் கதவைத் தள்ளினார். பூக்குவியலுக்குப் பக்கத்துக் கதவுதான் அது. முன்பு பெட்டி தூக்கியவர்களின் காலோடு தம்பி உள்ளே நுழைந்திருக்கிறான். அவர்கள் கவனிக்காமல் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். டிரைவர் கன்னடத்தில் ஏதோ கத்திக்கொண்டே அவனைத் தூக்கி வந்தார். உதடு நீலமாக இருந்தது. பெண்கள் அவனை வெயிலில் கிடத்தி உள்ளங்காலைத் தேய்த்தார்கள். அவன் வீரிட்டு அழுத பிறகுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது.

அம்மா அழவில்லை. அவனை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய், வலது கையைத் தூணில் ஓங்கி ஓங்கி அடித்தாள். “ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் துப்பில்லாத கை” என்றாள். பக்கத்திலிருந்த அக்கா பிடித்து நிறுத்தும்வரை அடித்தாள். எனக்கு ஒரு அடிகூட விழவில்லை. தப்பித்தோம் என்று இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் இரண்டு முடிச்சு போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வாள். பிறகு அது வீட்டுக்கும் வந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுப் பூட்டைப் பார்க்கத் திரும்பி வருவாள். கேஸை மூடினேனா என்று படுக்கையிலிருந்து எழுந்து போவாள். பூட்டு எங்கேயும் ஓடிப்போகாது என்று அப்பா கிண்டல் செய்வார். தம்பியும் வளர்ந்து அதில் சேர்ந்துகொண்டான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

போன மாதம் அம்மா வந்திருந்தாள். மகனைக் காரில் குழந்தை சீட்டில் உட்காரவைத்தேன். என் இரண்டு கையிலும் பை. பெல்ட்டை மட்டும் மாட்டிவிடச் சொன்னேன். அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீயே போட்டுக்க. என் கைய நம்பாத. உன் தம்பிய அன்னிக்கே சாவக் குடுக்கப் பாத்த கை.”

பைகளைக் கீழே வைத்துவிட்டு நானே மாட்டினேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவள் என்னை மன்னித்துவிடுவாள். இத்தனை வருடத்தை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தேன்.

அன்று அம்மா போட்டிருந்த அந்த முடிச்சு என் விரலுக்கு அசையவே இல்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கடைசியில் தம்பியின் இடுப்பில் முகத்தை வைத்துப் பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தேன். அவ்வளவு நல்ல முடிச்சு. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. அடி விழுமா என்பது ஒன்றுதான் தெரிந்தது.