மேச்சேரிக் காட்டின் கறுப்புத் தோல்

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் முடியாததுமாகக் கிளம்பினேன். சூரமங்கலத்திலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். அங்கே ஏழு பத்துக்கு மேச்சேரி வண்டி, முப்பத்தைந்து ரூபாய். தூரமும் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர்தான். பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன். ஒன்று குடிக்க, ஒன்று வாதாட.

அவசரத்துக்குக் காரணம் முந்தின நாள் வந்த போன். "ஆட்டுக்குப் புல்லு பத்தலை, நாளைக்குப் பத்து மணிக்கு டிராக்டர் வருதுங்க டீச்சர். மொத்தத்தையும் ஓட்டிட்டு சோளம் வெதைக்கப் போறோம்" என்றார் பாவாயி அக்கா. நாலு ஏக்கர் மேய்ச்சல் காடும் நாற்பது ஆடுகளும்தான் அவருடைய பிழைப்பு.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். சித்திரையில் மாணவிகளோடு போனபோது அந்தக் காடு என்னைப் பிடித்துக்கொண்டது. சரிவான நிலம். கொழுக்கட்டைப் புல் திட்டுத் திட்டாக நிற்கும். இடையிடையே வெற்று மண். அந்த வெற்று மண்மேல் கறுப்பாக ஒரு மெல்லிய தோல். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மண்துகள்களை ஒட்டவைத்து உண்டாக்கியது. மழைத் தண்ணீர் அதன்மேல் வழுக்கி ஓடிக் கீழே இருக்கும் புல்லுக்குப் போய்ச் சேரும். பாலைநிலங்களிலும் இப்படித்தான்: கொஞ்சத் தண்ணீரை எல்லா இடத்துக்கும் பங்கிட்டால் ஒரு புல்லும் பிழைக்காது. ஒரு மழை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அன்றைக்கு அக்காவிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தேன்.

எட்டரைக்கு மேச்சேரியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய்.

"அந்த வறக்காட்டுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார் ஓட்டுநர்.

"மண்ணுங்க" என்றேன்.

கிளுவை வேலிக்கு உள்ளே அக்கா காத்திருந்தார். தென்பாதியில் புல் பச்சையாக நின்றது. வடபாதியிலோ பழுத்துச் சிவந்து கிடந்தது. அங்கே வெற்று மண் முழுக்கக் குளம்புத் தடம், புழுக்கை. கறுப்புத் தோலைக் காணவில்லை.

"இங்க பட்டி போட்டீங்களாக்கா?"

"ஆமாங்க, ஒரு மாசம். நீங்கதானுங்க சொன்னீங்க, இந்த வெத்து மண்ணுதான் புல்லுக்குச் சோறு போடுதுன்னு. அதான் அதுக்கும் கொஞ்சம் சோறு போட்டோமுங்க."

ஆடுகளை இரவில் நிலத்தில் அடைத்து எரு சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பசித்த மண் என்றால் பட்டி போடுவார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு? வகுப்பில் அலங்காரமாகப் பேசிப் பழகிய வாய் என்னுடையது. காலால் மிதிக்காதீர்கள் என்ற ஒரு வரியைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கே டிராக்டர் வந்துவிட்டது. நான் நடுக்காட்டில் போய் நின்றுகொண்டேன். "பத்து நிமிஷம் குடுங்கண்ணா" என்றேன். அவர் என்ஜினை அணைத்தார்.

முதலில் இரண்டாவது பாட்டிலில் பாதியை வடபாதியில் ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே அதை மண் குடித்துவிட்டது. பிறகு தென்பாதிக்குப் போய்க் கறுப்புத் தோலின்மேல் மீதியை ஊற்றினேன். தண்ணீர் நூலாக ஓடி இரண்டடி தள்ளி இருந்த புல்லின் தூரில் போய் நின்றது. அக்கா குனிந்தார். சற்று நேரத்தில் நனைந்த தோல் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

"உசுரு இருக்குதுங்களே" என்று விரலை நீட்டியவர், தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"மிதிச்ச எடம் எப்பத் தேறும்?"

"வருஷக்கணக்காகும்க்கா. பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "எரு வுழுந்த பாதிய ஓட்டிச் சோளம் போட்டுக்கறேன். இந்தப் பாதி ஐப்பசி மழை வரைக்கும் கெடக்கட்டும். அப்பவும் ஆட்டுக்குப் பத்தலைன்னா ஓட்டிப் போடுவேன். இல்லீன்னா ஆட்டை விக்கோணும்."

"அதுவரைக்கும் ஆடு இந்த வெத்து மண்ணுல நடக்கக் கூடாதுங்க."

"இதையச் சித்திரையிலயே சொல்லியிருக்கலாம்ல சாமி?"

டிராக்டர் வடபாதிக்குத் திரும்பியது.

கிளம்பும்போது, "உங்க ஊட்டுல எவ்வளவு மண்ணு இருக்குதுங்க?" என்று கேட்டார் அக்கா.

"சுத்தியும் சிமென்ட் போட்டாச்சுக்கா. செருப்புல சேறு ஒட்டுதேன்னு."

அவர் சிரித்தார். "நல்லா இருக்குது. மண்ணே இல்லாதவீங்க பேச்சைக் கேட்டு எம்பட ஆட்டுத் தீனிய அடமானம் வெச்சிருக்கறேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல் குத்திக்கொண்டே வந்தது. மதியம் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் சிமென்ட்டிலும் மழை வழுக்கித்தான் ஓடுகிறது, நேராகச் சாக்கடைக்கு. கீழே காத்திருக்க ஒரு புல் இல்லை. பக்கத்து வீட்டில் கடப்பாரை கேட்டு வாங்கி, மதிலோரம் இரண்டு முழம் சிமென்ட்டைப் பெயர்த்தெடுத்தேன். கை கொப்புளித்துவிட்டது.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை அதே ஏழு பத்து வண்டியில் இருப்பேன். புல் வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அக்காவின் முகத்துக்கு நேரே நிற்க வேண்டியவள் நான்தான்.