சர்வருக்கு ஓய்வு கொடுத்த ஆயுதபூஜை

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். அருப்புக்கோட்டையில் விசைத்தறித் துண்டு ஏற்றுமதி பண்ணுகிற ஒரு கம்பெனியில் எனக்கென்று ஒரு ஏசி ரூமும் ஒரு பழைய லினக்ஸ் மெஷினும் கிடைத்தன. கம்பெனி மெயிலெல்லாம் அந்த சர்வர் வழியாகத்தான் போகும், வரும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுமோ என்று பயப்படுவதையும் வேலையாகத்தான் வைத்திருந்தேன். தினமும் என் ஊர் பாலவனத்தத்தில் பஸ் ஏறியதும் எனக்கு நானே ஒரு மெயில் போட்டுப் பார்ப்பேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வெளிக் கம்பெனி மெயிலுக்கு மாறிவிடலாம் என்று முதலாளி அண்ணாச்சியின் மாப்பிள்ளை நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அண்ணாச்சி, நான் நிற்கும்போதே சொன்னார்: "இனி ஒரு தடவை நின்னுச்சுன்னா மாத்திருவோம், மாப்ள." மாற்றினால் எனக்கு அங்கே வேலை இல்லை.

அதுவரை ஆயுதபூஜை தறிக் கொட்டகையோடு முடிந்துவிடும். அந்த வருசம்தான் ஆபீஸுக்குள்ளும் வந்தது. அண்ணாச்சி வீட்டு அக்கா சந்தனத் தட்டோடு என் ரூமுக்குள் நுழைந்தார்கள்; பின்னாலேயே அண்ணாச்சியும் ஆபீஸ் ஆட்களும்.

"என்னப்பா, இது இன்னும் ஓடுது? நிப்பாட்டு."

"இது நிக்கக் கூடாதுக்கா. பழைய மெஷினு, நின்னா எந்திரிக்குமோ என்னவோ."

"தறியே நிக்கிது. இவுக என்ன கலெக்டரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "நின்னா மாத்திருவேன்னு நீங்கதான சொன்னீக?"

"அது தானா நின்னா. இது நாம நிப்பாட்டுறது. நாளைக்கு மறுபூஜை போட்டு எடுத்துக்குவோம்."

நிப்பாட்டினேன். பொட்டும் மாலையும் வைத்தார்கள்.

மறுநாள் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. டிஸ்க்கும் எழுந்துவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தால், ஒரு மெயிலும் போகவில்லை. அனுப்பியதெல்லாம் வரிசையில் தேங்கி நின்றது. வருகிற மெயில்களை, அனுப்புகிறவர் யாரென்று தெரியவில்லை, பிறகு வா என்று சர்வரே திருப்பிக்கொண்டிருந்தது. லைனைப் பார்த்தேன். ரவுட்டரைக் கழற்றி மாட்டினேன். நான்தான் எதையோ மாற்றித் தொலைத்தேனோ என்று செட்டிங் ஃபைல்களை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மாப்பிள்ளை கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன தலைவரே, சாமி இன்னும் மலையேறலியா?" என்றார்.

மத்தியானம்தான் லாக் ஃபைலில் தேதி கண்ணில் பட்டது. பல வருசம் பின்னால் இருந்தது. கரண்ட் இல்லாதபோது மெஷினின் கடிகாரத்தை ஓட்டுகிற, காசு மாதிரி இருக்கும் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. பெயரைக் கொடுத்தால் விலாசம் தேடித் தருகிற சேவை, வருகிற ஒவ்வொரு பதிலும் அசல்தானா என்று அதிலுள்ள டிஜிட்டல் கையெழுத்தின் தேதியைப் பார்க்கும். பழைய தேதியில் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய கையெழுத்தெல்லாம் பொய். எனவே எந்த விலாசமும் கிடைக்கவில்லை. சரியான நேரத்தை வெளியே கேட்டு வாங்கலாம் என்றால் அதற்கும் விலாசம் வேண்டும்.

போனைப் பார்த்துத் தேதியை நானே அடித்துவிட்டு, சேவைகளைத் திரும்பக் கிளப்பினேன். தேங்கியதெல்லாம் மடமடவென்று போனது. அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"சரியாயிருச்சு அண்ணாச்சி! எல்லாம் போயிருச்சு."

"அப்படியா, சந்தோசம். மாப்ள காலையிலயே அந்த வெளிக் கம்பெனியில பதிஞ்சுட்டாரு. உள்ள இருக்கிறத ஒண்ணு விடாம அதுல ஏத்திக் குடுத்துரு."

"நீங்கதான அண்ணாச்சி நிப்பாட்டச் சொன்னீக."

"சாமிக்குச் செஞ்சதைப் பேசாதப்பா."

ரூமுக்குத் திரும்பிப் போனேன். ஒவ்வொருவர் மெயிலாக ஏற்றினேன். ஒன்று குறைந்தாலும் என்னைத்தான் சொல்வார்கள் என்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் வேலையை நானே ஒழுங்காக முடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தும், கை அதைத்தான் செய்தது. ஒன்றும் குறையவில்லை.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுச்சா? ஏசியை ஆஃப் பண்ணிட்டு ரூம் சாவியக் குடுத்துட்டுப் போங்க."