எதற்கு உதவாது?

பஸ் டிப்போவில் எங்கள் அண்ணிக்குப் பட்டப்பெயர் 'அன்சர்வீசபிள் அம்மா'. கழற்றிப் போட்ட சாமான்களைச் சோதித்து, இனி உதவாதவற்றின் மேல் மஞ்சள் பெயிண்டால் அந்த இங்கிலீஷ் வார்த்தையை எழுதுவதுதான் அவர் வேலை. வார்த்தையை மட்டும் மொட்டையாக எழுதினால் சாமான் நேரே பழைய இரும்புக்குப் போய்விடும். அதனால் எதற்கு உதவாது என்று பக்கத்திலேயே எழுதுவார். முன்சக்கரத்துக்கு ஆகாத டயர் பின்சக்கரத்துக்கு ஆகும் அல்லவா? புதிதாக வந்த மெக்கானிக் ஒருவர் மொட்டையாக எழுதித் தள்ள, நல்ல டயர்களெல்லாம் லாரி ஏறிப் போயின. அன்று அண்ணி அந்த ஆளை வறுத்து எடுத்துவிட்டார்.

அதே டிப்போவில் அண்ணன் டிரைவர். ஒரு கண்ணில் பார்வை போனதும், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சாப்பாடு அறைக்கே போகும், பாதி திரும்பி வரும். ஆளும் பாதியாகிவிட்டான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கெஞ்சினேன், கத்தினேன், திட்டியும் பார்த்தேன். கல்லுப்பிள்ளையாராட்டம் கிடந்தான். இப்படியே போய்விடுவானோ என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டோடு உள்ளே போன அண்ணியிடம், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்:

"உன் பெயிண்ட் டப்பாவ எடுத்துட்டு வா. என் முதுகுலயும் எழுதிடு."

எனக்கு அழுகை முட்டியது. அண்ணிக்குக் கோபம்தான் வந்தது.

"எதுக்கு உதவாதுன்னு எழுதட்டும்?"

"எல்லாத்துக்கும்."

"பஸ் ஓட்டறதுக்குன்னா எழுதறேன். அது நெசம். பொய் சொல்லி உங்கள தேத்த மாட்டேன். மத்ததெல்லாம் பாக்காம எழுத மாட்டேன்."

"வேற எதுக்கு ஆவேன் நான்?"

அண்ணியின் குரல் இறங்கியது.

"கல்யாணமான நாள்லேருந்து ராத்திரி வண்டி, பகல் தூக்கம். ஒரு வேளையாவது என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களா? அதுக்கு ஆவீங்களா மாட்டீங்களான்னே எனக்கு இன்னும் தெரியாது."

கையிலிருந்த தட்டை அங்கே வைக்காமல் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம் அண்ணன், பார்வை இல்லாத பக்கம் கதவில் தோளை இடித்துக்கொண்டு, வெளியே வந்து உட்கார்ந்தான். அண்ணி அவன் முன்னால் தட்டை வைத்தார். எதிரே தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டார்.

நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.