சட்டையில் இருந்த கறை

பள்ளிகொண்டா அருகே என் வீட்டுக்காரரின் பைக்கை இடித்த லாரி நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில், சட்டையெல்லாம் கறையோடு ஒரு பாய் என்னிடம் வந்தார். "யக்கா, மொதல்ல போலீஸ்ல எழுதிக் குடுங்க. நல்ல வக்கீலாப் பாருங்க" என்றார். கறையைத் தோல் பதனிடும் ஷாப்பின் சாயம் என்றும், அவரை வக்கீல்களுக்கு விபத்துக் கேஸ் பிடிக்கும் புரோக்கர் என்றும் நினைத்தேன். "அடிபட்டுக் கெடக்குறவரு மேலயும் கமிஷனா? போய்யா புரோக்கரு!" என்று கத்தினேன். அவர் போய்விட்டார்.

பிறகு நஷ்டஈட்டுக் கேஸுக்காக நான் வைத்த வக்கீலம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து, "லாரிய யாரு பாத்தாங்க? சாட்சி இல்லாம கேஸ் நிக்காதும்மா" என்றார்.

"என்னைத் தூக்கினு வந்த பாய்தான் பாத்தாரு. ஆம்பூரு தோல் ஷாப்புல வேலையாம்" என்றார் படுக்கையில் கிடந்த என் வீட்டுக்காரர். அந்தக் கறை இவருடைய ரத்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

விசாரித்துக்கொண்டு அவர் தொழும் பள்ளிவாசலுக்குப் போனேன். மந்திரிக்கக் குழந்தைகளோடு காத்திருந்த பெண்களுக்கு நடுவே, வீட்டுக்காரருக்காகத் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். தொழுதுவிட்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, புரோக்கரத் தேடி இவ்ளோ தூரமா?"

அவரே பாட்டிலை வாங்கி, ஓதி ஊதிக் கொடுத்தார். "அண்ணனுக்குக் குடுங்க. லாரி நம்பரு ஞாபகம் இருக்குது. வக்கீலாண்ட வர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்து சாட்சியும் சொன்னார். தினமும் விளக்கேற்றிப் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க வேண்டிய அவரிடம் இன்னும் கேட்கவில்லை.