மாமியாருக்குப் போட்ட ஊசி

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு தனியார் பிரசவ கிளினிக்கில் நான் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டரம்மா, பிள்ளையில்லாதவர்களுக்கு மாத்திரையும் ஊசியும் கொடுத்து வைத்தியம் பார்ப்பதில் பெயர் எடுத்தவர். அவருடைய கணவரும் டாக்டர்தான். அவரை நாங்கள் ‘சார்’ என்போம். சாரைத் தேடி அவ்வளவாக பேஷண்ட் வருவதில்லை. அதனால் கொழும்புக்குப் போய் அக்குபஞ்சர் கற்றுக்கொண்டு வந்தார். வரும்போது ஒரு பெட்டி நிறைய ஊசியும், உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மனிதனின் படமும் கொண்டுவந்தார். படத்தில் இருந்தவனுக்குத் துணி கிடையாது. டாக்டரம்மா ஒரு துண்டை எடுத்து அவன் இடுப்பில் குத்திவிட்டுப் போனார்.

ஊசிகளைக் கொதிக்க வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பிரசவ கேஸுக்குக் கத்தரிக்கோல் கொதிக்க வைக்கவே நேரமில்லாத எனக்கு இது ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது.

யாருக்கு ஊசி போடுவது? அதற்கும் சாரே வழி கண்டுபிடித்தார். கரு தங்கியதா என்று பார்க்கும் யூரின் டெஸ்ட் அப்போது எங்கள் பக்கத்தில் விழுப்புரத்து லேப் ஒன்றில்தான் உண்டு. காலையில் கம்பவுண்டர் கன்னியப்பன் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். மதியம் ரிசல்ட்டோடு திரும்புவார். அதுவரை குடும்பம் குடும்பமாக எங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பஸ் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படபடப்பைக் குறைக்கத்தான் ஊசி.

“ஸ்டெல்லா, இது புள்ள தங்கறதுக்கு இல்ல. மனசு அமைதியாகறதுக்கு. தெளிவா சொல்லிடும்மா,” என்றார் சார். தெளிவாகத்தான் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் பிள்ளை தங்கத்தான் என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டினார்கள்.

ஊசி குத்தியிருக்கும்போது அசையக் கூடாது, பேசக் கூடாது, துணைக்கு வந்தவர்கள் ரூமுக்குள் வரக் கூடாது. இது சாரின் சட்டம். எனக்கு அந்த ஊசியில் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உள்ளே போன பெண்கள் படுத்ததும் தூங்கினார்கள். சாருக்கு ஒரே பெருமை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமியார்களை அவர் கவனித்திருந்தால் பெருமையில் பாதி குறைந்திருக்கும்.

மண்டகப்பட்டிலிருந்து வரும் வசந்தாவின் மாமியார் அஞ்சலையம்மாள் அவர்களில் முதல் ரகம். மடியில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை, வாயில் ஓயாத கேள்வி. “நேத்து வாந்தி வந்துச்சா இல்லியா? நெசத்த சொல்லு.” கன்னியப்பன் கேட்டில் நுழையும்போதே, சேதி நல்லதாக இல்லையென்றால், அந்தம்மாவைப் பார்த்துக் கையை விரித்துவிடுவார். அந்தம்மா அதை பெஞ்சு முழுவதற்கும் அறிவிப்பார். தன் வயிற்றுச் சேதியை வசந்தா கடைசி ஆளாகத் தெரிந்துகொள்வாள்.

மகனுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார். “எம்புள்ளைக்கு இன்னா கொற? சிங்கமாட்டம் இருக்கான்,” என்பார் அஞ்சலையம்மாள். இந்தத் தடவையும் தங்கவில்லையென்றால் சிங்கத்துக்கு வேறு பெண் பார்ப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

அன்று காலை தனக்குக் குத்தியிருந்த ஊசியை நான் எடுக்கும்போது வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இந்த வாட்டி எங்கிட்ட மொதல்ல சொல்லுங்கக்கா. அத்த வாயால கேட்டா தாங்க மாட்டேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வதென்று தெரியவில்லை. அஞ்சலையம்மாளோ கேட்டை விட்டு நகரவில்லை. பஸ் வரும் நேரம் நெருங்க நெருங்க, அவரே என்னிடம் வந்தார். “நர்சம்மா, எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு கெடக்குது.”

“அப்ப ஊசி உங்களுக்குத்தாம்மா போடணும்,” என்றேன்.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற பெண்களுக்கு, கரு தங்கியிருந்தால் ஆகாது என்று கையிலும் கணுக்காலிலும் சில புள்ளிகளைத் தொட மாட்டார். அஞ்சலையம்மாளுக்கு அந்தத் தடை ஏது? உச்சந்தலை, நெற்றி, காது, கை, கால் என்று கற்றதையெல்லாம் இறக்கினார். “அசையாதீங்க, பேசாதீங்க,” என்றார். அந்தம்மா கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தார்.

நான் ரோட்டுக்கே போய் நின்றேன். கன்னியப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கப் போனார்.

“கையக் கட்டிக்கினு வாங்கண்ணே. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

சொன்னார். வசந்தாவை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். “இல்லம்மா,” என்றேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். அழுது முடித்து முகம் கழுவினாள்.

“அத்தைக்கு ஊசி எடுத்துட்டாங்களாக்கா?”

“இன்னும் இல்ல.”

“மெதுவா எடுக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு நேராக ஊசி ரூமுக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“அத்த, இந்த வாட்டியும் தங்கல. அடுத்த வாரம் உங்க புள்ளயக் கூட்டிக்கினு வர்றேன். அவருக்கும் டெஸ்ட்டு எடுத்துரலாம். வேற பொண்ணு பாக்கறதுன்னா அதுக்கப்பறம் பாருங்க.”

அஞ்சலையம்மாள் வாயைத் திறந்தார்.

“பேசக் கூடாதும்மா, ஊசி இருக்கு,” என்றார் சார். ஒன்றும் தெரியாத நல்ல மனிதர்.

மறு வாரம் சிங்கம் வந்தது. ஒல்லியான, பயந்த பையன். வராந்தாவில் உட்கார்ந்தவனுக்கு வேர்த்து ஊற்றியது. டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அஞ்சலையம்மாள் யாரும் சொல்லாமலே ஊசி ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்குபஞ்சர் வேலை செய்யுமா என்று இன்றைக்கும் நர்சிங் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். அதைச் சாரிடம்தான் கேட்க வேண்டும். நான் அங்கே கற்றது வேறு. யாருடைய உடம்போ, சேதி முதலில் அவர்கள் காதில்தான் விழ வேண்டும். அந்தப் பையனின் ரிசல்ட் வந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு அவனிடம்தான் சொன்னேன். என்ன ரிசல்ட் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.